விருப்ப ஓய்வு: 2001-ல் ஒரு லட்சம் வங்கி ஊழியர்கள் போட்ட கணக்கு

"விருப்ப ஓய்வு" என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். விருப்பம் யாருடையது? ஊழியருடையதா, முதலாளியுடையதா? ஓய்வு கேட்டு விண்ணப்பம் எழுதுவது ஊழியர்தான். ஆனால் எப்போது எழுதலாம், யார் எழுதலாம், எழுதினால் என்ன கிடைக்கும், எழுதியவரை விடுவிப்பதா வேண்டாமா என்பதை எல்லாம் முடிவு செய்வது நிறுவனம். இந்தியாவில் இந்தக் கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்தது 2000-2001-ல். பொதுத்துறை வங்கிகளில் சுமார் ஒரு லட்சம் பேர், அதாவது மொத்த ஊழியர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேர், சில மாதங்களுக்குள் வேலையை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் யாரையும் யாரும் டிஸ்மிஸ் செய்யவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான் போனார்கள்.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு என்ன, அது பின்னால் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

திட்டம் வந்த வழி

தொழில் தகராறுகள் சட்டம் 1947-ல் வந்தது. அதன்படி ஆட்குறைப்பு செய்தால் ஒவ்வொரு வருட சேவைக்கும், மற்ற பணிக்காலப் பலன்கள் தவிர, 15 நாள் சராசரி ஊதியம் நஷ்ட ஈடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 1976-ல் இந்தச் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது. 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆட்குறைப்பு செய்யவோ, மூடவோ அரசின் முன் அனுமதி தேவை என்றது அது. 1982-ல் வந்த திருத்தம் இந்த 300-ஐ 100 ஆக்கியது. கேட்டாலும் அனுமதி லேசில் கிடைக்கவில்லை.

ஆளைக் குறைக்க வேண்டும், ஆனால் வெளியே அனுப்ப முடியாது. இந்த முட்டுச் சந்தில்தான் நிறுவனங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. ஊழியரே "நான் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பு இல்லை. அரசின் அனுமதியும் வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகச் சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகப் பணம் கொடுத்துவிடலாம். மேலைநாட்டுக்காரர்கள் வைத்த "கோல்டன் ஹேண்ட்ஷேக்" என்ற பெயர் இங்கேயும் ஒட்டிக்கொண்டது.

மத்திய அரசு தன் பொதுத்துறை நிறுவனங்களுக்கு இப்படி ஒரு திட்டத்தை அறிவித்தது 1988 அக்டோபரில். ஒரு வருட சேவைக்கு 45 நாள் சம்பளம், அல்லது மீதமுள்ள மாதங்களுக்கான சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. 1991-ல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தபின் வேகம் கூடியது. 1992-ல் தேசியப் புதுப்பிப்பு நிதி என்ற ஒன்றை அரசு ஆரம்பித்தது. வேலை இழப்பவர்களுக்கு வேறு தொழில் கற்றுக் கொடுத்து மறுவாழ்வு தருவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நடைமுறையில் அந்த நிதியின் பெரும்பகுதி விருப்ப ஓய்வுப் பணமாகவே பட்டுவாடா ஆனது.

வங்கிகளுக்கு ஏன் தேவைப்பட்டது?

1969-ல் 14 வங்கிகள், 1980-ல் மேலும் 6 வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. கிராமம் கிராமமாகக் கிளைகள் திறந்தார்கள். எல்லாம் கையால் எழுதும் லெட்ஜர்கள். அதற்கேற்ப ஆட்களும் எடுத்தார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வேலைக்குச் சேர்ந்த அந்தத் தலைமுறை 2000-ல் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருந்தது.

அதற்குள் சூழ்நிலை மாறிவிட்டது. 1994-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, எச்.டி.எஃப்.சி. வங்கி போன்ற புதிய தனியார் வங்கிகள் வந்தன. அவை முதல் நாளிலிருந்தே கம்ப்யூட்டரில் இயங்கின. பொதுத்துறை வங்கிகளும் 2001 ஜனவரிக்குள் தங்கள் வியாபாரத்தில் 70 சதவீதத்தைக் கணினிமயமாக்க வேண்டும் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என்.விட்டல் கெடு வைத்தார்.

1999-ல் வந்த வர்மா குழு அறிக்கை இன்னும் நேரடியாகப் பேசியது. பலவீனமான வங்கிகள் என்று அது மூன்றைச் சொன்னது: இந்தியன் வங்கி, யூகோ வங்கி, யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா. முதல் பெயர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அந்த வங்கிகளில் குறைந்தது 25 சதவீத ஊழியர்களுக்காவது விருப்ப ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது குழுவின் பரிந்துரைகளில் ஒன்று.

ஆனால் 2000-ல் அரசின் ஒப்புதலுடன் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த திட்டம் மூன்று வங்கிகளோடு நிற்கவில்லை. நன்றாக ஓடும் வங்கிகளும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு வங்கியும் தனித்தனியே தேதி அறிவித்தது. ஸ்டேட் வங்கியில் விண்ணப்பிக்கக் கொடுத்த காலம் 2001 ஜனவரி 15 முதல் 31 வரை, மொத்தம் 17 நாள். வாழ்க்கை முழுவதையும் பாதிக்கும் ஒரு முடிவுக்கு 17 நாள்!

திட்டத்தின் கணக்கு

15 வருட சேவை முடித்தவர்கள் அல்லது 40 வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவர்கள், பாண்ட் எழுதிக் கொடுத்த ஸ்பெஷலிஸ்ட் அதிகாரிகள் போன்ற சிலருக்கு அனுமதி இல்லை. கருணைத் தொகை இப்படி: முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதமுள்ள சேவைக்காலம் முழுவதற்குமான சம்பளம், எது குறைவோ அது. பணிக்கொடை, பி.எஃப். அல்லது பென்ஷன், விடுப்புச் சம்பளம் எல்லாம் தனி. கருணைத் தொகையில் 5 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை.

"எது குறைவோ அது" என்ற வார்த்தைகளில்தான் முழு விஷயமும் இருக்கிறது. இரண்டு கற்பனை ஊழியர்களை வைத்துப் பார்க்கலாம். இருவருக்கும் மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் ஓய்வு வயது 60.

முதலாமவருக்கு வயது 57, சேவை 33 வருடம். 60 நாள் கணக்கில் 66 மாதச் சம்பளம் வரும், அதாவது 7,92,000 ரூபாய். ஆனால் அவருக்கு மீதி இருப்பது 36 மாதம்தான். அதற்கான சம்பளம் 4,32,000 ரூபாய். குறைவானது இதுவே, ஆகவே இதுதான் கிடைக்கும்.

இரண்டாமவருக்கு வயது 46, சேவை 22 வருடம். 60 நாள் கணக்கில் 44 மாதச் சம்பளம், 5,28,000 ரூபாய். மீதமுள்ள 14 வருடச் சம்பளத்தைக் கூட்டினால் 20,16,000 ரூபாய். அவருக்குக் கிடைப்பது 5,28,000. அதில் 28,000 ரூபாய்க்கு வரியும் உண்டு.

பார்த்த மாத்திரத்தில் இரண்டாமவருக்குத்தான் அதிகப் பணம். உண்மையில் முதலாமவர்தான் லாபம் அடைந்தவர். வரப்போகும் மூன்று வருடச் சம்பளம் முழுவதும், வேலைக்குப் போகாமலே, வரி பிடித்தம் இல்லாமல் முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டது. இரண்டாமவரோ 14 வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து மூன்றரை வருடச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்.

இதை ஒரு சின்னச் சூத்திரமாகச் சொல்லலாம். முடித்த வருடங்கள், மீதி இருக்கும் வருடங்களைப் போல ஆறு மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் மீதிச் சம்பளம் முழுவதும் கிடைக்கும். 30 வருடம் முடித்து 5 வருடம் மீதி இருப்பவர் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறார். அதற்குக் கீழே வயது குறையக் குறைய நஷ்டம் கூடிக்கொண்டே போகும்.

இருந்தும் ஏன் போனார்கள்?

எல்லோரும் கணக்கை மட்டும் பார்த்து முடிவு எடுப்பதில்லை. மாதச் சம்பளம் வாங்கியே பழகியவர்களுக்கு லட்சங்களில் ஒரு காசோலை என்பது அதுவரை கண்டிராத தொகை. வீட்டுக்கடன், பெண்ணின் கல்யாணம், பையனின் இன்ஜினியரிங் சீட் என்று அதற்குச் செலவுகளும் வரிசையில் நிற்கும். புதிய கம்ப்யூட்டர் முறையில் தாக்குப் பிடிக்க முடியுமா என்ற பயம் ஒரு பக்கம், தூரத்து ஊருக்கு மாற்றல் வந்துவிடுமோ என்ற கவலை இன்னொரு பக்கம். "இப்போது போகாவிட்டால் அடுத்த முறை இவ்வளவு கூடக் கொடுக்க மாட்டார்கள்" என்ற பேச்சு எந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தோடும் சேர்ந்தே வருவது.

நம்பிக்கையோடு போனவர்களும் உண்டு. 2000-ல்தான் இன்ஷூரன்ஸ் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. புதிய தனியார் வங்கிகளும் அனுபவம் உள்ள ஆட்களைத் தேடின. கடன் பிரிவிலோ அந்நியச் செலாவணியிலோ தேர்ந்த ஓர் அதிகாரிக்குக் கருணைத் தொகையும் கிடைத்தது, புதிய வேலையும் கிடைத்தது. வங்கிகள் யாரை இழக்க விரும்பவில்லையோ அவர்களுக்குத்தான் வெளியே போவது சுலபமாக இருந்தது. விருப்ப ஓய்வின் பழைய பலவீனம் இது. யார் போக வேண்டும் என்பதைத் திட்டத்தால் தேர்ந்தெடுக்க முடியாது.

வட்டி செய்த வேலை

46 வயதுக்காரரின் கணக்குக்குத் திரும்பலாம். 2000-2001-ல் ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி சுமார் 10 சதவீதம். 5,28,000 ரூபாயைப் போட்டால் மாதம் 4,400 ரூபாய் வரும். பென்ஷனுக்கு 33 வருட சேவை இருந்தால்தான் சம்பளத்தில் பாதி. 22 வருடம் என்பதால் மூன்றில் ஒரு பங்கு, தோராயமாக 4,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 8,400. சம்பளம் 12,000 வந்த இடத்தில் 8,400 வருகிறது, பஸ் செலவும் மிச்சம், பணிக்கொடை தனியாக இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு 10 சதவீத வட்டி அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. நடந்தது வேறு. அரசு நிர்ணயிக்கும் வட்டியின் போக்கைப் பார்க்க பி.பி.எஃப். நல்ல அளவுகோல். 2000 ஜனவரியில் அது 12-லிருந்து 11 சதவீதம் ஆனது. 2001 மார்ச்சில் 9.5. 2002 மார்ச்சில் 9. 2003 மார்ச்சில் 8. வங்கி டெபாசிட் வட்டியும் அடுத்த மூன்று நான்கு வருடங்களில் 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அதே 5,28,000 ரூபாய்க்கு 6 சதவீதத்தில் கிடைப்பது மாதம் 2,640 ரூபாய். 4,400 எங்கே, 2,640 எங்கே! பென்ஷனுக்கு அகவிலைப்படி உண்டு, அது விலைவாசியோடு கொஞ்சம் ஏறும். வட்டிக்கு அந்த வசதி கிடையாது.

டெபாசிட் வேண்டாம் என்று வேறு பக்கம் போனவர்களுக்கும் நேரம் சரியில்லை. ஓய்வு பெற்றவர்கள் அரசாங்கமே நடத்துவது போல நம்பிப் பணம் போட்ட திட்டம் யூனிட் டிரஸ்டின் யூ.எஸ்.64. வங்கி ஊழியர்கள் வெளியேறிய சில மாதங்களில், 2001 ஜூலையில், யூனிட் டிரஸ்ட் அதன் விற்பனையையும் திரும்பப் பெறுவதையும் ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தது. "குந்தித் தின்றால் குன்றும் மாளும்" என்பார்கள். இங்கே குந்தித் தின்ன ஆரம்பிப்பதற்குள்ளேயே குன்று கொஞ்சம் சரிந்துவிட்டது.

வேலையில் தங்கியவர்களுக்கோ 2005-ல் கையெழுத்தான எட்டாவது இருதரப்பு ஒப்பந்தம் 2002 நவம்பர் முதல் கணக்கிட்டுச் சம்பள உயர்வு கொடுத்தது. அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்களின் அடிப்படைப் பென்ஷன் அந்த உயர்வோடு சேர்ந்து உயரவில்லை.

2004 ஆகஸ்டில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 9 சதவீத வட்டியில் வந்தது. பொதுவாக 60 வயது, ஓய்வு பெற்றவர்களுக்கு 55 வயதிலிருந்தே நிபந்தனைகளோடு அனுமதி. 46 வயதில் போனவருக்கு அப்போது 50 கூட ஆகியிருக்காது.

ஆஃபர் கொடுத்தது யார்?

காமர்ஸ் படிப்பவர்கள் முதல் வருடத்திலேயே இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஐப் படித்துவிடுகிறார்கள். ஜவுளிக்கடை ஜன்னலில் விலைச்சீட்டோடு தொங்கும் புடவை ஓர் ஆஃபர் அல்ல, ஆஃபர் செய்ய வரும்படி ஓர் அழைப்பு. "இந்த விலைக்குக் கொடுங்கள்" என்று கேட்கும் வாடிக்கையாளர்தான் ஆஃபர் செய்கிறார். கடைக்காரர் மறுக்கலாம். பரீட்சைக்காகப் படித்து மறந்துவிடும் இந்த வித்தியாசம்தான் பல வங்கி ஊழியர்களின் வேலையைத் தீர்மானித்தது.

விண்ணப்பம் கொடுத்த பிறகு மனம் மாறியவர்கள் நிறைய. வங்கி ஏற்றுக்கொள்வதற்கு முன்பே வாபஸ் கடிதம் கொடுத்தார்கள். "ஒருமுறை விண்ணப்பித்தால் திரும்பப் பெற முடியாது என்று திட்டத்திலேயே இருக்கிறது" என்று வங்கிகள் மறுத்தன. வழக்குகள் பல உயர் நீதிமன்றங்களுக்குப் போயின, தீர்ப்புகளும் ஒரே மாதிரி இல்லை. கடைசியில் பாங்க் ஆஃப் இந்தியா எதிர் ஓ.பி.ஸ்வர்ணகார் என்ற வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

வங்கி அறிவித்த திட்டம் ஆஃபர் அல்ல, அழைப்புதான் என்றது நீதிமன்றம். எந்த விண்ணப்பத்தையும் காரணம் சொல்லி நிராகரிக்கும் உரிமையை வங்கி தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் ஆஃபர் செய்தவர் ஊழியர். ஆஃபரை, அது ஏற்கப்படுவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. ஆகவே நாட்டுடைமை வங்கிகளில் ஏற்பதற்கு முன் வாபஸ் வாங்கியவர்களின் வாபஸ் செல்லும். ஆனால் பணத்தின் ஒரு பகுதியையாவது வாங்கி அனுபவித்தவர்கள் பின்வாங்க முடியாது. ஸ்டேட் வங்கித் திட்டத்தில் வாபஸ் வாங்க ஒரு கடைசித் தேதி இருந்ததால் அங்கே நிலைமை வேறு, அந்தத் தேதிக்குப் பிறகு மனம் மாறியவர்களுக்கு வழி இல்லை.

கட்டுரையின் தொடக்கத்தில் இருந்த கேள்விக்குச் சட்டம் கொடுத்த பதில் இது. திட்டம் வங்கியுடையதாக இருந்தாலும், கேட்டவர் ஊழியர். அந்தப் பதில் முதலில் ஊழியருக்கு எதிரானது போலத் தெரிந்தாலும், அதுவேதான் அவரைக் காப்பாற்றியது.

ஐந்து வருடத்துக்காக எட்டு வருடம்

இன்னொரு சண்டை பென்ஷனைப் பற்றியது. 1995-ன் வங்கி ஊழியர் பென்ஷன் விதிகளின் 29-ஆவது விதிப்படி, 20 வருட சேவைக்குப் பின் தானாக ஓய்வு பெறுபவருக்குப் பென்ஷன் கணக்கில் அதிகபட்சம் 5 வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 2000 திட்டத்தில் போனவர்கள் இதைக் கேட்டார்கள். அது தனித் திட்டம், இந்த விதி பொருந்தாது என்றன வங்கிகள்.

நம் 46 வயதுக்காரருக்கு 22 வருடம் 27 ஆனால் பென்ஷன் 4,000-லிருந்து சுமார் 4,900 ரூபாய் ஆகும். மாதம் 900 ரூபாய், ஆயுள் முழுவதும், அதற்கு அகவிலைப்படியும் சேர்த்து. சின்ன விஷயம் இல்லை. பாங்க் ஆஃப் இந்தியா எதிர் கே.மோகன்தாஸ் வழக்கில் 2009 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் நின்றது. விதிகளின்படி பென்ஷன் உண்டு என்று திட்டத்தில் எழுதியது வங்கிகள்தான், வாசகம் தெளிவாக இல்லை என்றால் எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்றது. வெளியேறி எட்டு வருடம் கழித்துத்தான், தாங்கள் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பது அந்த ஊழியர்களுக்கு முழுமையாகத் தெரிந்தது.

மறுபடியும் அதே கதை

2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்களுக்கு விருப்ப ஓய்வை அனுமதித்தது. நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை விண்ணப்பிக்கலாம். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள், மீதமுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம். பி.எஸ்.என்.எல்.லில் மட்டும் 78,000-க்கும் மேற்பட்டவர்கள் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது.

அந்த வருடம் பி.எஸ்.என்.எல்.லில் சம்பளமே தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தது. சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் நீட்டப்படும் விண்ணப்பப் படிவத்தில் விருப்பம் எவ்வளவு, நிர்ப்பந்தம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கருணைத் தொகைக்கான வரிவிலக்கு வரம்பு 2001-ல் 5 லட்சம். 2019-லும் அதே 5 லட்சம்தான்.

2001-ல் வெளியேறியவர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள் என்று சொல்ல முடியாது. 57 வயதுக்காரர் சரியாகத்தான் செய்தார். வேறு வேலை தயாராக இருந்த அதிகாரியும் சரியாகத்தான் செய்தார். அடி வாங்கியவர்கள், நாற்பதுகளில் இருந்துகொண்டு, மொத்தத் தொகையைப் பார்த்து, அன்றைய வட்டியை நம்பிப் போனவர்கள். வேலையில் இருக்கும்வரை வட்டி ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும், அந்த ஏற்ற இறக்கம் வங்கியின் தலைவலி. கையெழுத்துப் போட்ட அன்று அந்தத் தலைவலி ஊழியரின் வீட்டுக்கு வந்துவிட்டது. படிவத்தில் அதற்கு என்று தனிக் கட்டம் எதுவும் இல்லை. கருணைத் தொகை எவ்வளவு என்று கேட்டவர்கள், அந்தத் தொகை மாதாமாதம் எத்தனை வருடத்துக்கு எவ்வளவு தரும், வட்டி பாதியானால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தால், அந்த ஒரு லட்சத்தில் சிலராவது படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்திருப்பார்கள்.